காய்ச்சலுக்கு மூலிகை கேட்டா "ரத்தம் பாத்தாச்சா"ன்னு கேக்குற கடை: பழைய வண்ணாரப்பேட்டை நாட்டு மருந்து கடை ரிவியூ

மொதல்லயே சொல்லிடுறேன், கடை பேர இதுல போடல. எழுதப்போறேன் ஐயான்னு சொன்னப்போ "எழுதுமா, ஆனா பேரு வேணாம், அப்புறம் போன் பண்ணி கேன்சருக்கு இன்னா இருக்குது, சுகருக்கு இன்னா இருக்குதுன்னு கேட்டுக்கினே இருப்பாங்க, எனக்கு பதில் சொல்லி மாளாது"ன்னுட்டாரு. சரின்னு விட்டுட்டேன். எம்.சி. ரோட்ல துணிக்கடைங்க நெரிசல்ல இருந்து உள்ள திரும்புற சந்து, பழைய வண்ணாரப்பேட்டைக்காரங்க நாட்டு மருந்துன்னு கேட்டா கை காட்டுவாங்க, அதுவே போதும்.

பத்துக்கு பன்னெண்டு இருக்கும் கடை. ஒரு செவுரு முழுக்க மர டிராயர், ஒவ்வொன்னு மேலயும் சாக்பீஸ்ல எழுதின பேரு, இன்னொரு பக்கம் பழைய தகர டப்பாங்க, கீழ சாக்கு மூட்டைல கடுக்காய், சித்தரத்தை, அதிமதுரம், வசம்பு. மழை பேஞ்ச அன்னிக்கு போனீங்கன்னா வெட்டிவேர் வாசனையும் சுக்கு வாசனையும் கலந்து சந்து முனைலயே வந்துரும். ஐயாவுக்கு அறுபது தாண்டி இருக்கும், கல்லாவுல உக்காந்திருக்குறது அவர் பையன், ஜிபே உண்டு. எங்க அம்மா கல்யாணம் ஆகி புது வண்ணாரப்பேட்டைக்கு வந்ததுல இருந்து அங்கதான் வாங்குது, பிள்ளை பெத்தவங்களுக்கு லேகிய மருந்து கூட அங்க இருந்துதான் எங்க வீட்டுக்கு வரும். ஆனா நான் இந்த ரிவியூ எழுதுறதுக்குக் காரணம் பொருள் சுத்தமோ விலையோ இல்ல, போன ஐப்பசில நடந்த ஒரு விஷயம்.

என் தம்பி ஹார்பர் பக்கம் கண்டெய்னர் யார்டுல வேலை பாக்குறான், நைட் ஷிப்ட் மாறி மாறி வரும். ஐப்பசி மழை விட்டு ரெண்டாவது வாரம் அவனுக்கு காய்ச்சல் வந்துச்சு, நல்லா குளிர் எடுத்து பல்லு கிடுகிடுன்னு அடிச்சு, போர்வை ரெண்டு போட்டும் நிக்கல, அப்புறம் வேர்த்துக் கொட்டி எறங்கிருச்சு. மறுநாள் ஒன்னும் இல்ல, எழுந்து குளிச்சிட்டு இட்லி சாப்ட்டான். அதுக்கடுத்த நாள் சாயங்காலம் மறுபடி அதே குளிர். பக்கத்து தெரு கிளினிக்ல காட்டினான், அவங்க ஆண்டிபயாட்டிக் எழுதி ஒரு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க, ரத்தம் எடுக்கச் சொல்லல. எனக்குத் தெரியாம அவன் இன்னொன்னும் பண்ணிக்கினு இருந்தான், ஆன்லைன்ல ஒரு மூலிகை டீ வாங்கி வச்சு நாலு நாளா காலைல ராத்திரி ரெண்டு வேளையும் குடிச்சிருக்கான்.

அந்த டீ டப்பாவ நான் பாத்தேன், பிராண்ட் பேரு வேணாம். நாப்பது பை, எண்ணூத்தி தொண்ணூத்தி ஒம்பது ரூபா. மேல பெருசா "நோபல் பரிசு வென்ற மூலிகை"ன்னு போட்டு, கீழ மலேரியா, டெங்கு, கேன்சர், குடல் புழு, மூட்டு வலி, சர்க்கரைன்னு வரிசையா எழுதியிருந்தாங்க. முன் பக்கத்துல ஆர்டிமிசியா ஆனுவா, பின் பக்கத்துல பொடி எழுத்துல ஆர்டிமிசியா அப்சிந்தியம். இது ரெண்டும் ஒரே ஆர்டிமிசியா குடும்பம், ஆனா வேற வேற செடி, உள்ள இருக்குற சரக்கும் வேற. ஒரு பைல எத்தனை கிராம் இலை இருக்குதுன்னு எங்கயும் இல்ல. தம்பி என்னா சொன்னான்னா, "அக்கா, டீ குடிச்ச மறுநாள் காய்ச்சல் போயிடுதுக்கா, வேல செய்யுது"ன்னான். அவன் மேல தப்பு சொல்ல முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர்ற முறைக்காய்ச்சல்ல நடுவுல வர்ற நல்ல நாள், எதைக் குடிச்சாலும் அது கேட்ட மாதிரிதான் தெரியும்.

அஞ்சாவது நாள் அம்மா என்னை கடைக்கு அனுப்புச்சு, நிலவேம்புக் குடிநீர் சூரணமும் மாசிபத்திரியும் வாங்கியா, கஷாயம் வச்சு குடுப்போம்னு. நான் வேலை முடிச்சு டயர்டா போயி நின்னுக்கினு லிஸ்ட்ட சொன்னேன். ஐயா டிராயர தொறக்கல. "யாருக்குமா?" தம்பிக்கு ஐயா. "எத்தினி நாளா?" அஞ்சு நாள். "குளிரு எடுக்குதா? விட்டு விட்டு வருதா?" ஆமா ஐயா. "ரத்தம் பாத்தாச்சா?"

இல்லன்னு சொல்றப்போ என் குரல் எனக்கே கேக்கல. ஏன்னா நான் லேப் டெக்னீஷியன், தண்டையார்பேட்டைல ஒரு சின்ன லேப்ல பதினோரு வருஷமா ஸ்லைடு பாக்குறவ. ஊருக்கெல்லாம் மலேரியா ஸ்மியர், அதான் கண்ணாடில தடவின ரத்தம், பாத்து ரிப்போர்ட் எழுதுறேன், சொந்தத் தம்பி அஞ்சு நாளா குளிர்ல நடுங்குறான், ஷிப்ட்டு மாத்தி மாத்தி ஓடிக்கினு அவன் விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுக்க எனக்குத் தோணல. அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. ஐயா திட்டல, "மொதல்ல ரத்தத்த பாரு பாப்பா, மலேரியா இல்லன்னு தெரிஞ்சப்புறம் வா, பொடி எங்கயும் ஓடிடாது"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆள கவனிக்கப் போயிட்டாரு. கையில துட்ட வச்சுக்கினு நிக்கிற ஆள திருப்பி அனுப்புற கடையை நான் இதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

நேரா வீட்டுக்குப் போயி, அவன் விரல்ல குத்தி, ஒரு தடி ஸ்மியர் ஒரு மெல்லிசு ஸ்மியர் எடுத்துக்கினு லேப்புக்கே திரும்பிப் போனேன். கார்டு டெஸ்ட்டும் போட்டேன், ஆனா எனக்கு ஸ்லைடு பாத்தாதான் மனசு ஆறும். ஸ்டெயின் போட்டு காய வச்சு ஆயில்ல பாத்தா, செவப்பணு ஊதிப் பெருசாகி, உள்ள புள்ளி புள்ளியா, மோதிரம் ஒடைஞ்ச மாதிரி வடிவத்துல கிருமி. வைவாக்ஸ், மலேரியால ஒரு வகை. நம்ம சென்னைல வர்ற மலேரியால பெரும்பாலும் இதுதான். இங்க பரப்புறது அனாபிலஸ் ஸ்டீபன்சின்னு ஒரு கொசு, அது சாக்கடைல முட்டை போடாது, நல்ல தண்ணிலதான் போடும், கெணறு, மாடி டேங்க்கு, மூடாத சிண்டெக்ஸ், தொட்டி. அதான் கார்ப்பரேஷன் ஆளுங்க மாடி ஏறி டேங்க் மூடிய தொறந்து பாக்குறாங்க, அவங்கள வாசல்லயே நிக்க வச்சு அனுப்பாதீங்க ப்ளீஸ்.

இனிமே சொல்லப்போறதுதான் முக்கியம், ஏன்னா அந்த டப்பால "நோபல் பரிசு"ன்னு போட்டது பொய் இல்ல. அந்த செடிக்குப் பின்னாடி உண்மையாவே ஒரு பெரிய கதை இருக்குது, அதையே வச்சு ஏமாத்துறாங்கறதுதான் எனக்கு ஆத்திரம்.

1967 மே 23ல சீனாவுல மலேரியாவுக்கு மருந்து தேடி ஒரு ரகசிய ஆராய்ச்சித் திட்டம் ஆரம்பிச்சாங்க, அந்தத் தேதியை வச்சே 523 திட்டம்னு பேரு. வியட்நாம் போர்ல சீனா ஆதரிச்ச வட வியட்நாம் படைல மலேரியாவுல ஆளுங்க கொத்துக் கொத்தா விழுந்துக்கினு இருந்தாங்க, பழைய மருந்து குளோரோகுயினும் கேக்கல. 1969ல டூ யூயூன்னு ஒரு அம்மா அதுல சேர்ந்தாங்க, பெய்ஜிங்ல பாரம்பரிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாத்தவங்க. பழைய ஏடுங்க, நாட்டு வைத்தியருங்க கிட்ட இருந்து ரெண்டாயிரம் குறிப்பு சேத்தாங்க, அதுல 640 குறிப்ப வடிகட்டினாங்க, ஒவ்வொரு மூலிகையா சாறு எடுத்து மலேரியா வந்த எலிக்குக் குடுத்துப் பாத்தாங்க. சிங்ஹாவ்ங்கற செடி, அதான் ஆர்டிமிசியா ஆனுவா, மொதல்ல கொஞ்சம் வேலை செஞ்சுச்சு, அப்புறம் திரும்பப் பண்ணினா செய்யல. ஏன்னு புரியாம பழைய குறிப்புங்களையே மறுபடி எடுத்துப் படிச்சிருக்காங்க. கி.பி. 4ஆம் நூற்றாண்டுல கோ ஹோங்ங்கற வைத்தியர் எழுதின குறிப்புல, ஒரு கைப்பிடி செடிய தண்ணில ஊற வச்சு, பிழிஞ்சு, அந்த சாற முழுக்கக் குடின்னு இருக்குது. கொதிக்க வைன்னு இல்ல. அங்கதான் அந்த அம்மாவுக்குப் பொறி தட்டுச்சு, சூடு பண்றதாலதான் மருந்து அழியுதோன்னு. அதுக்கப்புறம் தண்ணிக்குப் பதிலா ஈதர்ங்கற திரவத்துல எடுத்தாங்க, ஈதர் 35 டிகிரி கிட்டயே ஆவியாயிரும், அவ்ளோ சூடு போதும். 1971 அக்டோபர்ல 191ஆவது சாம்பிள் எலிங்க ரத்தத்துல இருந்த கிருமிய நூத்துக்கு நூறு காலி பண்ணுச்சு. மனுஷங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அந்த அம்மாவும் கூட வேலை செஞ்ச ரெண்டு பேரும் தங்களோட உடம்புலயே சோதிச்சுப் பாத்தாங்க, 1972ல. அப்புறம் ஹைனான் தீவுல நோயாளிங்களுக்குக் குடுத்தாங்க. நோபல் கெடச்சது 2015ல, அதாவது நாப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு.

இதுல நான் திரும்பத் திரும்ப யோசிக்கறது அந்த ஈதர் விஷயத்ததான். மருந்து செடிக்குள்ள இருக்குது, ஆனா கொதிக்கிற தண்ணில ஒழுங்கா எறங்காது. அந்த மருந்து பேரு ஆர்டிமிசினின், அது தண்ணில சரியாக் கரையாத சரக்கு, இலைக்கு இலை அளவும் மாறும், ஒரு வயல்ல வந்த செடில காய்ஞ்ச எடைல ஒரு சதவீதம் இருக்கும், இன்னொரு வயல்ல அதுல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது. அப்போ கொதிக்கிற தண்ணில முக்கி எடுக்குற டீப்பைல எத்தனை மில்லிகிராம் வருதுன்னு யாரால சொல்ல முடியும்? காங்கோ நாட்டுல ஒரு ஆய்வு பண்ணாங்க, 2004ல வெளிவந்துச்சு, டீ குடிச்சவங்களையும் குயினைன்ங்கற பழைய மலேரியா மருந்து சாப்ட்டவங்களையும் ஒப்பிட்டு. ஏழாவது நாள் பாத்தா டீ குரூப்ல சராசரி 74 சதவீதம் பேருக்கு சரியாச்சு, குயினைன் குரூப்ல 91. இத மட்டும் படிச்சா பரவால்லயேன்னு தோணும், ஆனா டீ குடிச்சவங்கள்ல நெறைய பேருக்கு திரும்ப வந்துருச்சு. கிருமிய முழுசா கொல்லாம அடக்கி வைக்கிற அளவுக்கு மட்டும் மருந்து போகுது. அது அந்த ஒரு ஆளுக்கு மட்டும் கெடுதல் இல்ல, அரைகுறை மருந்துல தப்பிச்ச கிருமி மருந்துக்கு மசியாத கிருமியா மாறும். கம்போடியாவோட மேற்குப் பக்கம் அப்படி எதிர்ப்பு வந்ததை 2009லயே எழுதிட்டாங்க. அதனாலதான் ஆர்டிமிசினின் மாத்திரையைத் தனியா குடுக்கக் கூடாது, இன்னொரு மருந்தோட சேத்துதான் குடுக்கணும்னு விதி, 2019ல உலக சுகாதார நிறுவனமும் டீ, இலைப்பொடி மாதிரி வடிவத்துல இந்தச் செடிய மலேரியாவுக்குப் பயன்படுத்தாதீங்கன்னு தெளிவா சொல்லிடுச்சு.

ஆனா ஒழுங்கான மருந்தா எடுத்தா இது எவ்ளோ பெரிய விஷயம்னும் சொல்லணும். அந்த மூலக்கூறுல ரெண்டு ஆக்ஸிஜன் அணு சேந்து ஒரு பாலம் மாதிரி நிக்குது. மலேரியா கிருமி நம்ம செவப்பணுக்குள்ள பூந்து ஹீமோகுளோபின தின்னும், தின்ன மிச்சத்துல இரும்பு இருக்கும், அந்த இரும்பு இந்தப் பாலத்தத் தொட்டா பாலம் ஒடைஞ்சு கிருமியையே பொசுக்கிடும். அது தின்ன சோறே அதுக்கு எமன். ஆர்டிமிசினின்ல இருந்து செஞ்ச ஆர்டிசுனேட் ஊசிய குயினைனோட வச்சுப் பாத்த பெரிய ஆய்வு 2005ல வந்துச்சு, 1461 பேரு, பங்களாதேஷ், பர்மா, இந்தோனேஷியாவோட நம்ம இந்தியாவும் அதுல உண்டு, கடுமையான மலேரியாவுல சாவு 35 சதவீதம் கொறைஞ்சுச்சு. ஐசியூல கெடக்குற ஒரு புள்ளைக்கு இந்த ஊசி போட்டு எழுந்து உக்காந்தத நான் நேர்ல பாத்திருக்கேன். நம்ம லக்னோ ஆராய்ச்சி நிலையத்துலயும் இதுல இருந்து ஆர்டீதர்னு ஒரு ஊசி மருந்து உருவாக்கினாங்க. குளோரோகுயின் மாதிரி மருந்துங்க வர்றதுக்கு முன்னாடி ரொம்ப காலம் நமக்கு இருந்தது கொய்னாதான், அதான் குயினைன், நீலகிரில நடுவட்டம் பக்கம் அரசாங்கமே சிங்கோனா தோட்டம் போட்டு எடுத்தது. எங்க ஆயா அந்தக் கசப்பப் பத்தி கதை கதையா சொல்லும், "கொய்னா குடிச்ச வாய்க்கு கருவாடு கூட ருசிக்காது"ன்னு.

இப்போ தம்பி விஷயத்துக்கு வாரேன், ஏன்னா இங்க இன்னொரு சங்கதி இருக்குது. வைவாக்ஸ் கிருமி ரத்தத்துல மட்டும் இருக்காது, கல்லீரல்ல போயி தூங்கிக்கினு கெடக்கும், வாரமோ மாசமோ கழிச்சு எழுந்து திரும்பக் காய்ச்சல் குடுக்கும். அந்தத் தூங்குற கிருமிய ஆர்டிமிசினினால கூட கொல்ல முடியாது, டீயாலயும் முடியாது, ஊசியாலயும் முடியாது. அதுக்கு பிரைமாக்வின் வேணும், 14 நாள். தம்பிக்கு குளோரோகுயின் 3 நாள், கூடவே பிரைமாக்வின் 14 நாள், நாந்தான் தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் எதுக்க நின்னு குடுத்தேன். பிரைமாக்வின் கர்ப்பிணிங்களுக்கும் கைக்குழந்தைங்களுக்கும் குடுக்கக் கூடாது, ஜி6பிடிங்கற என்சைம் கொறைபாடு இருக்குறவங்களுக்கு செவப்பணு ஒடையும், அதனால டாக்டரக் கேக்காம மெடிக்கல்ல வாங்கிப் போட்டுக்காதீங்க. ஆறாவது நாள் காய்ச்சல் இல்லன்ன ஒடனே "போதும்க்கா"ன்னான், எங்க வீட்ல பெரிய சண்டையே நடந்துச்சு, அம்மாதான் "அவ சொல்றத கேளுடா"ன்னு முடிச்சு வச்சுது. மலேரியா ஸ்மியர் கார்ப்பரேஷன் ஹெல்த் சென்டர்லயே ஃப்ரீயா பாக்குறாங்க, மாத்திரையும் ஃப்ரீ. எண்ணூத்தி தொண்ணூத்தி ஒம்பது ரூபா டீக்கு அழுததும், அஞ்சு நாள் நடுங்கினதும் அவசியமே இல்லாதது.

மாத்திரை கோர்ஸ் முடிச்சு, ஸ்மியர் நெகட்டிவ்னு பாத்துட்டு, அந்த டீ டப்பாவையும் கையில எடுத்துக்கினு கடைக்குப் போனேன். ஐயா கண்ணாடிய போட்டுக்கினு ஒரு பைய கிழிச்சு உள்ளங்கைல கொட்டி மோந்து பாத்தாரு. "இது நம்ம மாசிபத்திரி இல்லமா. அதோட மணம் வேற. இது மலைச் செடி, அஃப்ஸந்தீன் வாசனை அடிக்குது"ன்னாரு. மூக்கால கண்டுபிடிச்சது எனக்கு ஆச்சரியம், டப்பால அப்சிந்தியம்னு பொடி எழுத்துல இருந்தத நான் அவருக்கு சொல்லவே இல்ல. அஃப்ஸந்தீன்ங்கறது யுனானி மருத்துவத்துல அதோட பேரு. நம்ம ராயபுரத்துலயே, மாதா கோவில் தெரு பக்கம், மத்திய அரசோட யுனானி ஆராய்ச்சி நிலையம் இருக்குது, அந்த ரோட்ல எத்தனையோ தடவ ஷேர் ஆட்டோல போயிருக்கேன், உள்ள என்னா நடக்குதுன்னு இப்பதான் யோசிக்கிறேன். யுனானி ஹக்கீம்ங்க வயித்துக்கும் கல்லீரலுக்கும் அதைக் குடுக்குறது பழைய வழக்கம். நவீன ஆய்வும் கொஞ்சம் இருக்குது, 2007ல ஜெர்மனில க்ரோன்ங்கற குடல் நோய் இருக்குற 40 பேர வச்சு இது கலந்த மாத்திரைய குடுத்துப் பாத்தப்போ ஸ்டீராய்ட கொறைக்க முடிஞ்சுது. நாப்பது பேருதான், ஆனா டம்மி மாத்திரையோட ஒப்பிட்டு ஒழுங்கா பண்ணின ஆய்வு, இன்னும் பெருசா பண்ணிப் பாக்க வேண்டிய விஷயம்.

ஆனா அதே செடில துஜோன்னு ஒரு சரக்கு இருக்குது, அளவு மிஞ்சினா வலிப்பு வரும். எண்ணெயா எடுத்தா அது ரொம்ப கெட்டியா இருக்கும். 1997ல அமெரிக்க மருத்துவப் பத்திரிகைல ஒரு கேஸ் வந்துச்சு, முப்பத்தியொரு வயசு ஆளு, இன்டர்நெட்ல அந்த எண்ணெய வாங்கி பத்து மில்லி போலக் குடிச்சிட்டாரு, வலிப்பு வந்து, தசை கரைஞ்சு, கிட்னி வேலை செய்யாம ஆஸ்பத்திரில சேத்து பொழைக்க வச்சாங்க. இன்டர்நெட்னா என்னன்னே நம்ம தெருவுல முக்காவாசி பேருக்குத் தெரியாத காலத்துலயே அங்க இது நடந்திருக்குது. கர்ப்பமா இருக்குறவங்க இந்தக் குடும்பத்து செடி எதையும் மருந்தா எடுக்கவே கூடாது, இத ஐயாவும் சொன்னாரு, கேக்காமயே சொன்னாரு.

சரி, நம்ம செடிங்க. மாசிபத்திரியும் அந்த ஆர்டிமிசியா குடும்பம்தான், பொடி அங்க 100 கிராம் அறுபது ரூபா, இலையாவும் கெடைக்கும். எங்க அம்மா அதைக் குளிக்கிற தண்ணில போடும், துணி மடிப்புல பூச்சி வராம வைக்கும், வயித்து உப்புசத்துக்கு எப்பவாச்சும் கஷாயம் வைக்கும். இன்னொன்னு தெரியுமா, மரிக்கொழுந்தும் இதே குடும்பம்தான், ஆர்டிமிசியா பேலன்ஸ். கதம்பத்துல வச்சு தலைல சூடிக்கிறோமே அதேதான். எனக்கு இது தெரிஞ்ச அன்னிக்கு பூக்காரம்மா கிட்ட ஒரு கட்டு வாங்கி கசக்கி மோந்துக்கினே இருந்தேன், நோபல் வாங்கின செடியோட தங்கச்சி நம்ம வாசல்ல முழம் கணக்குல வித்துக்கினு இருக்குது. சென்ட்டு கம்பெனிக்கு இதோட எண்ணெய் வெளிநாடு போகுது. 1996ல எலிங்களுக்குக் குடுத்துப் பாத்ததுல ரத்த சர்க்கரை கொறைஞ்சுதுன்னு ஒரு ஆய்வு இருக்குது, ஆனா எலிக்குக் கொறைஞ்சா நமக்குக் கொறையும்னு எழுதி இல்ல, யாரும் சுகர் மாத்திரை மெட்ஃபார்மின நிறுத்திட்டு மரிக்கொழுந்து அரைச்சுக் குடிக்காதீங்க, ரிப்போர்ட்ல ஐநூறு அறுநூறுன்னு வந்து நிக்கிறவங்கள நான் வாரா வாரம் பாக்குறேன்.

இந்தக் குடும்பத்துல ஆய்வு இன்னும் போயிக்கினேதான் இருக்குது. 2024ல பிசிஓஎஸ், அதான் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, இருக்குற 19 பொண்ணுங்களுக்கு ஆர்டிமிசினின்ல இருந்து செஞ்ச டைஹைட்ரோ ஆர்டிமிசினின் 12 வாரம் குடுத்து, அதுல 12 பேருக்கு மாசாமாசம் ஒழுங்கா வர ஆரம்பிச்சுதுன்னு சீனாவுல இருந்து ஒரு கட்டுரை வந்துச்சு. என் சித்தி பொண்ணுக்கு இந்தப் பிரச்சினை இருக்குது, அத படிச்சப்போ எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. ஆனா பத்தொம்பது பேரு, அதுவும் அளந்து குடுத்த மாத்திரை. அவ கேட்டப்போ இன்னும் பெரிய ஆய்வு வரட்டும் பாப்பா, அதுவரைக்கும் உன் டாக்டர் குடுக்குறத விடாதன்னுதான் சொன்னேன். அந்த டீ கம்பெனி இதையும் டப்பால சேத்துடுவாங்கன்னு எனக்கு பயம்.

பழைய காலத்துல குடல் புழுவுக்கு சாண்டோனின்னு ஒரு மருந்து இருந்துச்சு, அதுவும் இந்தக் குடும்பத்துச் செடில இருந்து எடுத்ததுதான், இங்கிலீஷ்ல இந்தச் செடிக்கு புழுவ வச்சே பேரு. சாப்ட்டவங்களுக்கு பாக்குறதெல்லாம் மஞ்சளா தெரியும், அதவிட பத்திரமான மாத்திரை வந்ததும் அத விட்டுட்டாங்க. இத ஐயா கிட்ட சொன்னேன், "ஆமா, எங்கப்பா காலத்துல கேட்டிருக்கேன்"னாரு.

கடையோட கொறையும் சொல்லணும். பொட்டலத்துல என்னிக்கு அரைச்சதுன்னு தேதி இல்ல, கேட்டா பையன் வாயால சொல்றான், ஆனா ஒட்டணும், மழைக்காலத்துல பொடி சீக்கிரம் கட்டியாயிரும், பூஞ்சை பிடிக்கும். சூரணத்த நியூஸ்பேப்பர்ல மடிச்சுக் குடுக்குறாங்க, மை ஒட்டுது, நான் இப்போ டப்பா எடுத்துக்கினு போறேன். செடியோட தாவரவியல் பேரு எழுதி வச்சா நல்லா இருக்கும், மாசிபத்திரின்னு ஊருக்கு ஊரு வேற வேற செடிய குடுக்குறாங்க, இத நான் ஐயா கிட்ட நேராவே சொன்னேன், பையன் லேபிள் அடிக்கிறேன்னு சொல்லியிருக்கான். வண்டி நிறுத்த எடம் கெடையாது, மெட்ரோல எறங்கி நடந்து போறது நல்லது. சண்டே மதியத்துக்கு மேல பூட்டு.

நிலவேம்புக் குடிநீர் சூரணம் நல்லா இருக்குது, ஒம்பது சரக்கும் தனித்தனியா எடுத்துக் காட்டினாரு, நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சம் வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். கசப்பு நாக்குல அர மணி நேரம் நிக்குது. சுக்கு தரம், அதிமதுரம் தரம், வசம்பு ரெண்டு தடவ புழு அரிச்சது வந்துச்சு, மாத்திக் குடுத்தாங்க.

அந்த ஆன்லைன் டீக்கு ஒரு ஸ்டார் கூட இல்ல, ரீஃபண்ட் கேட்டு மெயில் போட்டும் இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. கடைக்கு அஞ்சுக்கு நாலரை. அந்த அரை, லேபிள் ஒட்டினதும் குடுத்துடுறேன். போன வாரம் போனப்போ எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு இடுப்புல கொழந்தையோட நின்னுக்கினு காய்ச்சலுக்கு பொடி கேட்டுது, ஐயா டிராயர் மேல கைய வச்சுக்கினே "ரத்தம் பாத்தாச்சாமா?"ன்னாரு, அது இல்லன்னுச்சு, அவரு என் பக்கம் கை காட்டினாரு. கொழந்தைய வாங்கிக்கினு லேப்புக்கு நடந்தோம்.